தங்கவேலு அமைச்சராகியிருந்தால்

வாக்குப் பெட்டியின் பக்கமே போகாமல் இந்த நாட்டில் அதிகமான தேர்தல் முடிவுகளை மாற்றியவன் நான்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது இனிமேல்தான் வருகிறது.

தேயிலைத் தோட்டப் பாடசாலைகளில் முப்பத்திரண்டு வருடம் வரலாறு படிப்பித்தேன். நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதோ என்னவோ, ஓய்வு பெற்றதும் நடக்காததை எழுதத் தொடங்கினேன். அதற்கென்று ஒரு தடித்த சீ.ஆர். கொப்பி, அட்டை போட்ட பெரிய நோட்டுப் புத்தகம். தோற்றவரை ஜெயிக்க வைப்பேன், ஜெயித்தவரை வீட்டுக்கு அனுப்புவேன், அதற்குப் பிறகு நாடு என்ன ஆகியிருக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதுவேன். ஒரே ஒரு விதி வைத்திருந்தேன். ஒரு கதையில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றலாம். மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக விளைய வேண்டும்.

என் முதல் கதை எங்கள் ஜனங்களைப் பற்றியது. சுதந்திரம் கிடைத்த கையோடு தோட்டத்து மக்களின் வாக்குரிமை பறிபோனது எல்லாருக்கும் தெரியும். என் கொப்பியில் பறிபோகவில்லை. அந்த ஒன்றை மாற்றியதும் ஊவா மாகாணத்திலிருந்து நம்மவர்கள் கும்பலாகப் பாராளுமன்றம் போனார்கள். கொழும்பு வெயில் ஒத்துக்கொள்ளாததால் வருடத்தில் நாலு மாதம் பாராளுமன்றமே பதுளைக்கு வந்தது. பெரகல சந்தியில் விமான நிலையம் கட்டினார்கள். (அந்த மலையில் ஓடுபாதையை எங்கே போடுவது என்று கேட்கக் கூடாது. நான் வரலாற்று ஆசிரியர், எஞ்சினியர் இல்லை.) தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து எடை போட்ட என் அப்பா ஒரு தடவைகூட வாக்களிக்காமல் செத்துப்போனவர். என் கொப்பியில் பதினொரு தடவை வாக்களித்திருக்கிறார்.

இந்தக் கதைகளுக்கு ஒரே ரசிகன் தங்கவேலு. தோட்டத்து ஆபிசில் கிளாக்கராக இருந்தவன். சின்ன வயதிலிருந்து நண்பன். பின்னேரங்களில் லுணுகலை டவுனில் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து நான் வாசிக்க, அவன் அமைச்சரவையில் திருத்தம் சொல்லுவான். "மாஸ்டரு, அந்தாளுக்கு சுகாதாரம் குடுக்காத. அவன் கையக் கழுவவே மாட்டான்."

மூன்று வருடங்களுக்கு முன் தங்கவேலுவுக்கு எழுபதாம் கல்யாணம் வந்தது. எனக்கு அப்போது அறுபத்தொன்பது. இளரத்தம் இல்லையா, வித்தியாசமாக ஒரு பரிசு கொடுக்க வேண்டும் என்று துடித்தேன். எல்லாரும் வேட்டியும் வெள்ளிக் குத்துவிளக்கும் கொடுப்பார்கள். நான் அவனுக்கு ஒரு வெற்றியைக் கொடுக்க முடிவு செய்தேன்.

தங்கவேலு வாழ்க்கையில் ஒரே ஒரு தேர்தலில்தான் நின்றான். அதற்கும் இருபது வருடத்துக்கு முன் நடந்தது. எங்கள் ஊர் மரண சகாய சங்கத் தலைவர் பதவிக்கு. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் கொட்டகைத் தகரம், நாற்காலி, வெந்நீர் அண்டா எல்லாம் கொண்டுவந்து இறக்கி, கடைசி வரை நின்று காரியம் பார்க்கும் சங்கம் அது. தங்கவேலுவை எதிர்த்து நின்றவர் தையல் கடை சந்தனம். மைக்கைக் கண்டால் இரண்டடி பின்னால் போகிற ஆள். தங்கவேலுவோ ஒரு வாரம் கண்ணாடி முன்னால் நின்று வெற்றி உரை பழகியவன். அன்று எண்பத்தைந்து பேர் சீட்டு எழுதிப் போட்டார்கள். சந்தனம் நாற்பத்து மூன்று. தங்கவேலு நாற்பத்திரண்டு.

ஆக, என் விதிப்படி ஒரே ஒரு ஓட்டை மாற்றினால் போதும். இதைவிடச் சுத்தமான கதை கிடைக்குமா?

கல்யாணம் கோயில் மண்டபத்தில். நாற்காலியெல்லாம் சங்கத்து நாற்காலி. முதுகில் 'மரண சகாய சங்கம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். கல்யாணத்தில் அது கண்ணை உறுத்தும் என்று சந்தனமே நூற்றைம்பது வெள்ளை உறை தைத்து மாட்டியிருந்தார். பத்தரைக்குள் தாலி ஏற வேண்டும். பதுளையிலிருந்து வரவேண்டிய ஐயரைக் காணவில்லை. வழியில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டதாம். தங்கவேலுவின் மகன் என்னிடம் ஓடி வந்தான்.

"மாமா, ஐயர் வர்ற வரைக்கும் ஏதாச்சும் பேசுங்க."

ஓய்வு பெற்ற வாத்தியார் கையில் மைக்கைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. (பையன் என்கிறேன். அவனுக்கு நாற்பத்து நாலு.)

கொப்பியைத் திறந்தேன். அந்த ஒரு ஓட்டு மாறியது. தங்கவேலு சங்கத் தலைவன் ஆனான். செத்தவர்களுக்கே இவ்வளவு செய்கிறவன் இருக்கிறவர்களுக்கு எவ்வளவு செய்வான் என்று ஜனங்கள் அவனைப் பிரதேச சபைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மாகாண சபை. அங்கிருந்து பாராளுமன்றம். கடைசியில் போக்குவரத்து அமைச்சர். பதுளையோடு நின்றுபோன ரயிலை லுணுகலைக்கு இழுத்துக்கொண்டு வந்தான். லயத்து வரிசை வீடெல்லாம் உடைந்து குடும்பத்துக்கு, எல்லாரும் வாக்குக் கொடுக்கிற ஏழு பேர்ச் இல்லை, இருபது பேர்ச் காணி வந்தது. ஸ்டேஷனை அவன் மனைவி பார்வதி ரிப்பன் வெட்டித் திறந்தாள்.

கை தட்டினார்கள். சிரித்தார்கள். நான் தங்கவேலுவைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது.

"நடந்திருக்கும், மாஸ்டரு," என்றான். "எல்லாமே நடந்திருக்கும்."

"சும்மா வேடிக்கைக்கு எழுதினதுப்பா."

"ரயிலு வந்திருக்கும்டா." பிறகு மெதுவாகக் கேட்டான். "யாரு அந்த ஒரு ஓட்டு?"

இருபது வருடமாக அந்தத் தோல்வியை மறந்திருந்தவன். அதுவரை அவன் இழந்தது ஒரு சங்கத் தலைவர் பதவி மட்டும்தான். நான் கால் மணி நேரத்தில் அதை ஓர் அமைச்சுப் பதவியாக, ஒரு ரயில் பாதையாக ஆக்கிக் கொடுத்துவிட்டேன். மாலையோடு எழுந்து என் கையிலிருந்த மைக்கை வாங்கினான்.

"அன்னைக்கு எனக்கு ஓட்டுப் போட்டவங்க கையத் தூக்குங்க."

மண்டபமே கையைத் தூக்கியது. எண்ணினேன். அறுபத்தொன்று. அவனுக்கு விழுந்ததே நாற்பத்திரண்டு! கை தூக்கியவர்களில் இரண்டு பேர் அப்போது பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்துக்கொண்டிருந்தவர்கள். ஒருத்தி லுணுகலைக்கு மருமகளாக வந்தே பத்து வருடம்தான். பின்வரிசையில் சந்தனமும் கையைத் தூக்கியிருந்தார்.

"சந்தனம், நீ எதுக்குக் கையத் தூக்குற?"

"நெசமாத்தாங்க. நான் உங்களுக்குத்தான் போட்டேன், கிளாக்கரையா. நமக்கு நாமே போட்டுக்கிறது நல்லாவா இருக்கும்?"

என் கையும் மேலேதான் இருந்தது.

எங்கள் ஊர் ஆட்களில் ஒரே ஒருவர் மட்டும் கை தூக்கவில்லை. மணவறையில் தங்கவேலுவின் பக்கத்தில், மாலையும் பட்டுச் சேலையுமாக உட்கார்ந்திருந்த பார்வதி.

அந்த நேரம் பார்த்து ஐயர் ஓடி வந்தார். மணி பத்து பத்து. அவசர அவசரமாக மந்திரம் சொல்லி, தாலித் தட்டை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க சாமி," என்றான் தங்கவேலு. "பார்வதி, நீ ஏன் கை தூக்கல?"

"கையில பூ இருக்குங்க."

"பூவ வச்சிட்டுத் தூக்கு."

அவள் குனிந்த தலை நிமிரவில்லை. தங்கவேலு தட்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மேளக்காரர் குச்சியை ஓங்கியபடி காத்திருந்தார்.

"நல்ல நேரம் போகுதுங்க," என்றார் ஐயர்.

"போகட்டும். நாப்பத்தஞ்சு வருசம் ஒரே வீட்டுல இருந்திருக்கோம். எனக்குத் தெரியணும்."

பத்து இருபது. மகன் கெஞ்சினான். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். பார்வதியின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு, மாலை ரோஜாவில் விழுந்தது. எனக்கு அந்தச் சொட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஏனென்றால் தங்கவேலு தேடுகிற ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். அறுபத்தொன்பது வருடமாகத் தெரியும்.

மணவறையில் ஏறி மைக்கைத் திரும்ப வாங்கினேன்.

"தங்கவேலு, தங்கச்சிய விட்டுரு. அந்த ஓட்டு என்னோடது."

மேளக்காரர் குச்சியைக் கீழே போட்டார்.

"நீயா?" என்றான். "நீயாடா?"

"எல்லாரும் உனக்குத்தான் போடுவாங்கன்னு நெனச்சேன்டா. சந்தனத்துக்கு ஒரு ஓட்டுக்கூட விழலேன்னா மனுசன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைப்பாருன்னு... பரிதாபமா இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு போட்டேன்."

சலூன்காரர் எழுந்து தொண்டையைச் செருமினார். "நானும்தான் மாஸ்டர். அதே நெனப்புதான்."

"நானும்," என்றார் கோயில் தர்மகர்த்தா.

"எங்க வீட்டுல ரெண்டு."

சற்று முன் உயர்ந்த அதே கைகள் வேறு மாதிரி உயர்ந்தன. பதினேழு வரை எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். ஊர் பாதி, ஒருவருக்கொருவர் தெரியாமல், சந்தனத்துக்கு ஒரே ஒரு பரிதாப ஓட்டுப் போட்டிருக்கிறது. பரிதாபம் சேர்ந்து பெரும்பான்மை ஆகிவிட்டது.

தங்கவேலு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினான். பத்து இருபத்தெட்டுக்குக் கெட்டி மேளம் கொட்ட, தாலியைக் கட்டினான். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் பார்வதி அவன் காதருகில் சொன்னாள்.

"நானும் அவருக்குத்தாங்க போட்டேன். நீங்க கண்ணாடியில பேசினதக் கேட்டு, எப்படியும் ஜெயிச்சிருவீங்கன்னு..."

நான் இன்னும் மைக்கோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவள் சொன்னது மண்டபம் முழுவதும் கேட்டது. சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

அந்தச் சிரிப்பு ஓய்ந்த பிறகுதான் சந்தனத்தைப் பார்த்தேன். பின்வரிசையில் நின்றிருந்தார். சிரிக்க முயன்றுகொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் சுருங்கியிருந்த உறையை நீவி நேராக்கிவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

இதுதான் நான் வெட்கப்படுகிற இடம். இருபது வருடம். மழையென்றும் மண்சரிவென்றும் பார்க்காமல் எல்லாச் சாவு வீட்டுக்கும் முதலில் வந்தவர் அவர். என் மனைவி போன அன்று, எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, என்னை உட்காரவைத்துத் தேத்தண்ணி குடிக்க வைத்தவர் அவர். ஊர் தன்னை நம்பித் தேர்ந்தெடுத்தது என்ற ஒன்றை நினைத்துத்தான் அந்தக் கூச்சம் பிடித்த மனிதர் அத்தனையும் செய்தார். நான் அதை மைக்கில் சொல்லிப் பிடுங்கிவிட்டேன். ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் அதிலிருந்து விளையும் என்று விதி வைத்தவன், அதை ஒரு நிமிடம் முன்னால் யோசித்திருக்கலாம்.

மறுநாள் காலையில் தையல் கடைக்குப் போனேன். சந்தனம் மிஷினை நிறுத்தவில்லை.

"மன்னிச்சிருங்க சந்தனம்."

"பரவால்ல மாஸ்டர். தங்கச்சி அழுதுச்சு, நீங்க சொன்னீங்க. சொல்லாட்டித்தான் தப்பு." தையலின் முடிவு வரை மிதித்துவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஆனா இனிமே அந்தத் தலைவர் நாற்காலியில என்னால உக்கார முடியாது. திரும்ப எலெக்‌ஷன் வைங்க. கிளாக்கரையா எதுத்து நிக்கணும். ஒருத்தர்கூடப் பரிதாபப்படக் கூடாது."

வைத்தோம். தங்கவேலு முதலில் மறுத்தான். பிறகு, தோற்பதற்காகவே நின்றான். இந்தத் தடவை கண்ணாடி முன்னால் எதையும் பழகவில்லை. சந்தனத்துக்கு எழுபத்தெட்டு. தங்கவேலுவுக்கு ஒன்று.

"நான் எனக்குப் போடல," என்று தங்கவேலு தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். "சந்தனத்துக்குத்தான் போட்டேன்."

"நான் எனக்கேதான் போட்டுக்கிட்டேன்," என்றார் சந்தனம், காது சிவக்க.

பார்வதி எழுந்து நின்றாள். "அந்த ஒண்ணு என்னோடது."

"பரிதாபமா?" என்றான் தங்கவேலு.

"இல்லீங்க. அன்னைக்குப் போட வேண்டியது."

சந்தனத்தைப் பேசச் சொன்னார்கள். முதல் தடவையாக மைக்கை நோக்கி இரண்டடி முன்னால் வந்தார். கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். அவர் கொடுத்த ஒரே தேர்தல் வாக்குறுதி இதுதான்:

"உங்க எல்லாரு சாவுக்கும் நான் வருவேன்."

கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. நான்தான் முதலில் தட்டினேன்.

கொப்பியை அதன் பிறகு நான் திறக்கவில்லை. தங்கவேலு மட்டும் தேத்தண்ணிக் கடையில், மழை வந்தால் வெளியே பார்த்துவிட்டு, "ரயிலு லேட்டு போல" என்பான். என் வீட்டில், நான் இன்னொரு வடை கேட்டால் மகள், "இது பரிதாப ஓட்டுப்பா" என்று சொல்லித்தான் வைப்பாள். மார்கழிக் குளிரில் நான் கொஞ்சம் பலமாக இருமிவிட்டால் போதும், அடுப்படியிலிருந்து அவள் குரல் வரும்.

"அவசரப்படாதீங்கப்பா. சந்தனம் மாமா வாக்குக் குடுத்திருக்காரு. எப்படியும் வருவாரு."