சமையல் பள்ளியில் ஒரு நேர்மையான ஒப்பீடு

"இன்னிக்குப் பள்ளிக்கூடம் லீவு, டொனாத்தோ ஐயா" என்று சொல்லிக்கொண்டே, சமையல் பள்ளியின் காவலாளி நூன்சியா வாசலை முழு உடம்பாலும் மறைத்தாள்.

அவள் தலைக்கு மேலே 'பெற்றோரே வருக' என்று எழுதிய துணி தொங்கியது. முதுகுக்குப் பின்னாலிருந்து நூறு பேர் சாப்பிடும் சத்தம் வந்தது.

"லீவுன்னா உள்ள யாரு சாப்பிடுறது?"

"பெயிண்ட் அடிக்கிறவங்க."

டொனாத்தோ லச்செரென்சா தொப்பியைக் கழற்றாமலே அவளைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருடம் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேட்டைக் கட்டிக் காத்தவர். 'லச்செரென்சா குடும்பத்து ஆளே இந்தப் படியில் கால் வைக்கிறாரே என்று பாவம் இவளுக்குச் சங்கடம்' என்று நினைத்துக்கொண்டார். அந்த மரியாதை அவருக்குப் பிடித்திருந்தது.

மொந்தெசெர்ரா ஊரில் அரசு மேல்நிலைப் பள்ளிகள் இரண்டே. சதுக்கத்தின் மேல்புறம் லத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கும் செம்மொழிப் பள்ளி, கீழ்ப்புறம் இது. லச்செரென்சாக்கள் மூன்று தலைமுறையாக மேல்புறத்துக்காரர்கள். மகன் சவேரியோ பதின்மூன்று வயதில் "கீழ போறேன்" என்றபோது, காதைப் பிடித்து மேலே இழுத்துப்போய்ச் சேர்த்தார். இன்று அவன் பாரி நகரத்தில் வக்கீல் அலுவலகத்தில் இருக்கிறான். சனிக்கிழமைகூட விடுமுறை கிடையாது. ஒரே குறை, காதை இழுத்த அந்த நாளுக்குப் பிறகு அவன் "சரிப்பா" என்பதற்கு மேல் அவரிடம் பேசியதில்லை.

இப்போது பேத்தி இலாரியாவும் கீழேதான் என்கிறாள். பெயர் பதிய இன்றே கடைசி நாள். சவேரியோ வழக்கம்போல "சரிப்பா" என்றுவிட்டுப் பேருந்து பிடிக்கப் போய்விட்டான். மருமகள் ரோசல்பாதான், "ஒரு தடவை உள்ள போய்ப் பாத்துட்டு மட்டம்னு சொல்லுங்க மாமா" என்றாள். சொன்ன கையோடு முகம் வெளுத்து, "வேணாம் மாமா, முழங்கால் வலியோட எதுக்கு?" என்று பின்வாங்கினாள். ஆனால் பார்க்காமல் பேசுகிறவர் என்ற பெயர் லச்செரென்சாவுக்கு ஆகாது. இரண்டு பள்ளியையும் நேர்மையாக ஒப்பிடுவது என்று குறிப்பேட்டோடு கிளம்பினார்.

காலையில் மேல்பள்ளி. தலைமையாசிரியர் கிரேக்க வினைச்சொற்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். கேட்டவர்கள் ஏழு பேர். அதில் நான்கு பேர் ஆசிரியர்கள். 'அமைதியான சூழல்' என்று எழுதிக்கொண்டார்.

இப்போது கைத்தடியால் நூன்சியாவை நாசூக்காக விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

கூடம் அடங்கிப்போனது. மருந்துக்கடைக்காரர் பாய்ந்து வந்து கைகுலுக்கினார், விடவேயில்லை. யாரோ நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சமையலறைக்கு முதுகு காட்டும்படி அவரை உட்காரவைத்தார்கள். வெள்ளைச் சமையல் ஏப்ரன் கட்டிய மாணவி ஒருத்தி ஓடிவந்தாள்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். சமையலறையைப் பாத்துட்டுப் போறேன்."

"முதல்ல மொச்சை மசியல் சாப்பிடுங்க தாத்தா."

சாப்பிட்டார். 'உப்பு குறைவு' என்று எழுதினார். இன்னொரு வாய் போட்டுக்கொண்டு அதை அடித்தார்.

"சரி, சமையலறை எந்தப் பக்கம்?"

"அதுக்குள்ளயா? பாஸ்தா வரட்டும்."

பாஸ்தாவுக்குப் பின் எழுந்தார், ஆட்டுக்கறி வந்தது. மறுபடி எழுந்தார், பாலாடைக்கட்டி வந்தது. அடுத்து பாதாம் பணியாரம், அதற்கும் மேல் காபி. எழும்போதெல்லாம் ஊரே சேர்ந்து உட்காரவைத்தது. கோட்டுப் பொத்தானைச் சபையில் கழற்றாதவர், இரண்டைக் கழற்றினார்.

"என்ன ஐயா, மேல இப்படிப் போடுவாங்களா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"பிஸ்கட் குடுத்தாங்க. கிரேக்கர் காலத்துது."

எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்த மேசையில் ஒரு தகப்பனும் பையனும் ஒரே தட்டில் கை வைத்து, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அந்தக் காதை விட்டிருந்தால் சவேரியோவும் இப்படி ஏதாவது பேசியிருப்பானோ? தலைமுறைக் கணக்குப் பார்த்த தலையில், பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே.

குறிப்பேட்டை மூடினார்.

"நூன்சியா, இலாரியா பேரை இங்கயே எழுதிக்கோ. என் மகன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அவன்கிட்ட சொல்ல வேண்டியது இன்னும் ரெண்டு மூணு இருக்கு."

கூடமே மூச்சு விட்டது.

"இந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுக்கிற வாத்தியாரைக் கூப்பிடு. கையைக் குலுக்கிட்டுத்தான் போவேன்."

நூன்சியா கூரையைப் பார்த்தாள். மருந்துக்கடைக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

மாணவிதான் ஏப்ரன் நுனியைத் திருகிக்கொண்டு சொன்னாள்: "சவேரியோ சார் வழக்கமா நீங்க தெருவைத் தாண்டுற வரைக்கும்தான் குளிர் அறையில ஒளிஞ்சிருப்பார் தாத்தா. இன்னிக்கு ரெண்டு மணி நேரமாச்சு, பல்லு தந்தியடிக்குது. இப்ப வெளிய வரச் சொல்லட்டுமா?"