அடி அண்ணாமலையில் ஒரு கஸ்டம்ஸ்

இமிக்ரேஷன் அதிகாரி என்றால் எப்படி முறைக்க வேண்டும் என்று உலகத்துக்கே வகுப்பெடுக்கத் தகுதியுள்ள ஒரே மனிதர் எங்கள் திருவண்ணாமலையில் இருக்கிறார். செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன டிராவல்ஸ் வைத்திருக்கிறார். வாப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். நாங்கள் கேட்டதில்லை. ஊருக்கு அவர் கனெக்‌ஷன் பாய்.

மற்ற கடைகளில் டிக்கெட் போட்டதும் வேலை முடிந்துவிடும். பாய்க்கு அப்போதுதான் வேலையே ஆரம்பிக்கும். ஒரே விமானத்தில் போகிறவர்களை அவர் பயணியாகவே மதிப்பதில்லை. "அதுக்கு இன்னாங்க, பஸ்ல குந்திக்கினு போற மாதிரிதானே" என்பார். நடுவில் இறங்கி மாறுகிறவர் வந்தால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார். எத்தனையோ மாதம் மௌன விரதம் இருந்த ஒரு வெள்ளைக்காரர், "பெட்டி எந்த ஊர்ல உன் கைக்கு வரும்?" என்று பாய் விடாமல் கேட்டதில் விரதத்தை முறித்துக் கத்தியதாகச் சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

இவரிடம்தான் என் அக்கா சரசுவை அழைத்துப் போனேன். அக்கா கீழ்பென்னாத்தூரில் இருக்கிறாள். அமெரிக்காவில் அவள் மகளுக்குத் தலைப்பிரசவம். மாமாவுக்கு விசா கிடைக்கவில்லை. அக்கா தனியாகப் போக வேண்டும், அதுவும் குழந்தை பிறப்பதற்குள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் எஸ், நோ. மாறுகிற இடத்தில் கோட்டை விட்டால் மகள் பிரசவ அறையில், அம்மா ஏதோ ஒரு ஊர் பெஞ்சில்.

பாய் கேட்டார்: "எறங்கனதும் வழி தெரியலன்னா இன்னா பண்ணுவீங்க?"

"கூட்டம் போற பக்கம் போவேன் பாய்."

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "இந்த ஊருக்கே இதான் வியாதி! பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டத்தோடவே சுத்தி, கூட்டம் போனா சாமி வந்துடும்னு நெனச்சிக்கினு இருக்கீங்க. அங்க கூட்டத்தோட போனா வாசல்தாம்மா வரும். அமெரிக்காவுல மொதல்ல எறங்கற ஊர்லயே பெட்டிய நீங்கதான் எடுக்கணும். கஸ்டம்ஸ்ல காட்டணும். மறுபடி அவங்ககிட்ட குடுத்துட்டுத்தான் அடுத்த பிளைட்டு."

அந்தப் பௌர்ணமி சாயங்காலம் ஒத்திகை. கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலையில் தெரிந்தவர் டீக்கடை வாசலில் பத்துப் பதினைந்து பெட்டிகளுக்கு நடுவே அக்காவின் பெட்டி. பக்கத்தில் ஒரு மேசை, அதன் பின்னால் கஸ்டம்ஸ் அதிகாரியாகப் பாய். அக்கா கிரிவலக் கூட்டத்தோடு வர வேண்டும். தானாகப் பிரிந்து பெட்டியை எடுத்து, மேசையில் காட்டி, எதிர்ப் பூக்கடையில் ஒப்படைத்துவிட்டு மறுபடி கூட்டத்தில் சேர வேண்டும். கூட வந்த எனக்குப் பேச அனுமதி இல்லை.

அக்கா கும்பிட்ட கையோடு, "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று டீக்கடையைத் தாண்டிப் போயே போய்விட்டாள். பாய் லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். "பிளைட்டு போச்சு! பெட்டி இங்க, நீங்க அங்க!" பக்தர்கள் வானத்தைப் பார்த்தார்கள்.

திரும்ப நடக்கவிட்டார். இந்த முறை வேறு யாருடைய பெட்டியையோ இழுத்து வந்தாள். மறுபடியும் நடை. ஒருவழியாகத் தன் பெட்டியோடு மேசைக்கு வந்தவளைப் பாய் முறைத்தார் பாருங்கள், எனக்கே நான் எதையாவது கடத்துகிறேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

"புட்டு இருக்கா? ஃபுட்டும்மா, திங்கற சாமான்!"

"இ... இல்லைங்க."

"பொய்! மகளுக்கு லேகியம் எடுத்துக்கினு போறீங்கல்ல? இருக்குன்னா தூக்கிப் போடுவான், அவ்ளோதான். இல்லன்னு சொல்லி மாட்டினா ரூமுக்குள்ள குந்த வெச்சிடுவான். எஸ்னு சொல்லுங்க!"

"எஸ்" என்றாள் அக்கா. கண்ணில் தண்ணீர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பாய், கொஞ்சம் கம்மியா மொறைங்க. அக்கா பயப்படுது."

"பயத்த எல்லாம் இங்கயே செலவு பண்ணிட்டுப் போவட்டும்" என்றார் பாய்.

அக்கா பறந்த பிறகு பாய் யாருக்கும் டிக்கெட் போடவில்லை. போனைப் பார்த்தபடியே இருந்தார். வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. நானும் அங்கேயே கிடந்தேன். ஒருவழியாக மகள் வீட்டிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"டேய், எறங்கனதும் கூட்டமே ஓடுச்சுடா. என் காலும் தானா போச்சு. பாய் பின்னாடி கத்தற மாதிரியே இருந்துச்சு, நின்னுட்டேன். பெட்டிய எடுத்தேன். எஸ்னு சொன்னேன். கறிவேப்பிலைய தூக்கிப் போட்டுட்டு, லேகியத்த மோந்து பாத்துக் குடுத்துட்டான். அவனும் மொறைச்சான்டா, ஆனா பாய் மொறைப்புல கால்வாசி இல்ல. எனக்குச் சிரிப்பே வந்துடுச்சு!"

இரண்டு நாளில் பேத்தி பிறந்தாள். முதலில் வாங்கிய கை அக்காவுடையது.

ஊர் திரும்பியதும் அக்கா நேராகப் பாய் கடைக்குப் போனாள். பெட்டியை அவர் மேசைமேல் வைத்து, விறைப்பாக நின்றாள். "புட்டு இருக்கு, பாய்."

பாய் அந்த முறைப்போடு பெட்டியைத் திறந்தார். மேலாக ஒரு சாக்லேட் டப்பா, அதன்மேல் பேத்தியின் போட்டோ. முறைப்பைக் காப்பாற்ற அவர் எவ்வளவோ பாடுபட்டார். முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் யார் எங்கே கிளம்பினாலும், கீழ்பென்னாத்தூருக்கே ஆனாலும், பாயிடம் ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறோம்.