பஹ்மி கராஜில் ஓர் இடம்

"இன்னும் கொஞ்சம் ஒசத்திக் கட்டுங்கடா! பஸ்ஸுல போறவனுக்கும் தெரியோணும்!"

நிந்தவூர்ச் சந்தியில் நின்று கத்தியவர் இஹ்ஸானின் வாப்பா நஜீம் சேர். போன மாதம்தான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். விளையாட்டுக் கழகக்காரர்கள் கட்டிய பேனரில் இஹ்ஸானின் முகம் கதவளவுக்குச் சிரித்தது. 'பேராதனைப் பல்கலைக்கழகம் செல்லும் எமதூரின் முத்துக்கு வாழ்த்துகள்!'

முத்துக்கோ வியர்த்துக் கொட்டியது. அவனுக்குப் பல்கலைக்கழகம் வேண்டாம். ஹைபிரிட் கார் திருத்தும் பஹ்மியின் கராஜில் வேலை பழகவேண்டும். அங்கே எடுப்பது ஒரேயொரு ஆளை. இன்று பின்நேர அஸர் தொழுகைக்கு முன் பெயர் கொடுக்கவேண்டும். நினைக்க நினைக்க மனசு துள்ளியது. ஆனால் வாப்பா இரண்டு நாளாகவே அவனுடைய சூட்கேஸை அடுக்கிக்கொண்டிருந்தார்.

இஹ்ஸான் வீட்டுக்கு வந்து, உம்மாவின் தம்பி இன்ஸாபைப் பிடித்தான்.

"மாமா, நீங்க வாப்பாட்டக் கதைங்க. நான் கராஜுக்குத்தான் போவன் எண்டு சொல்லுங்க."

"அதுக்கென்ன, இப்பவே சொல்லுறன்."

வீறாப்பாக உள்ளே போன மாமா, வாய் நிறைய வட்டிலப்பத்தோடு திரும்பினார்.

"சொன்னீங்களா?"

"எப்பிடிடா சொல்லுற? மச்சான் சந்தோசத்துல என்னக் கட்டிப் புடிச்சிட்டாரு. அந்தச் சூட்டுல, ராவைக்கு ஊருக்கே சாப்பாடு எண்டு நானும் வாக்குக் குடுத்திட்டன்."

இஹ்ஸான் சந்திக்கு ஓடினான். நல்லவேளையாக வாப்பா அங்கே இல்லை.

"பேனரக் கழட்டுங்க! பேராதன இன்னும் முடிவில்ல!"

கழகத் தலைவர் கண்ணைச் சிமிட்டினார். "விளங்கிட்டு! அடுத்த கம்பஸ் லிஸ்ட்ல இதவிடப் பெரிசா வரப்போகுது, என்ன? எஞ்சினியரா? அப்ப பேனரும் பெரிசா அடிக்கோணும்!"

செய்தி அவனை முந்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. உம்மா நபீலா போனில் மூச்சு வாங்கினாள்.

"மகன், எஞ்சினியராமே! மாஷா அல்லாஹ்! ரெண்டு வீட்டாக்கள் மாப்பிள்ள கேட்டு வந்திரிக்காங்க. ஒரு வீடு மாடி! ஓடி வந்து நல்ல சேர்ட்டா போடு!"

இனி யார் காலையும் பிடித்துப் பலனில்லை. முதலில் பெயரைக் கொடுப்போம், பிறகு வருவது வரட்டும் என்று சைக்கிளைத் திருப்பினான். அஸர் பாங்குக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. மிதித்த மிதியில் சங்கிலி இரண்டு தரம் கழன்றது.

"பஹ்மி நானா! கம்பஸ் வேணாம்! நான் ஒங்கள்ட்டத்தான் வேல பழகப் போறன்!"

வாய்விட்டுச் சொன்னதுமே நெஞ்சு லேசாகி, தனக்குத்தானே சிரித்தான். வாப்பாவிடமும் இதையே சொல்லிவிடலாம் என்று தைரியம்கூட வந்துவிட்டது.

பஹ்மி பொனட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்தான். கையைத் துடைத்தபடி சங்கடமாகப் பார்த்தான்.

"அந்த இடம் நேத்தே முடிஞ்சிட்டே, தம்பி."

இஹ்ஸானுக்கு அழுகையே வந்துவிட்டது. "யாரு நானா எடுத்த?"

பஹ்மி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"ஒங்கட வாப்பாதான். 'முப்பது வருசம் கணக்குப் படிப்பிச்சது போதும், இனி நான் ஆசப்பட்ட வேலையப் பழகோணும். மகன் பேராதனைக்குப் போன மறுநாளே வந்திருவன், அதுவரைக்கும் அவனுக்குத் தெரியப்படாது' எண்டாரு."