இடது அலமாரி எலிகள்

அன்பிலும் அதட்டலிலும் குறை வைக்காத அக்காவுக்கு,

உன் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உன் மகளும் சுகம். அங்கே நீயும் அத்தானும், அத்தானின் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும். போன வாரம் நீ போனில் மூன்று தடவை, "பாப்பாவுக்கு டாக்டர் பட்டம் எப்போடா?" என்று கேட்டாய். மூன்று தடவையும் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அதற்கு வழியில்லை என்பதால் பேனாவை எடுத்தேன். உட்கார்ந்து படி. பக்கத்தில் கனமான பொருள் எதுவும் இருந்தால் அத்தானிடம் கொடுத்துவிடு.

இந்தப் பல்கலைக்கழகத்தின் எலிக்கூடத்தைப் பத்தொன்பது வருஷமாக நான் பார்த்துக்கொள்வது உனக்குத் தெரிந்ததுதான். கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, தண்ணீர் மாற்றுவது, நேரத்துக்கு விளக்கை அணைப்பது எல்லாம் என் வேலை. பாப்பா ஆராய்ச்சி செய்வதும் என் எலிகளை வைத்துத்தான். ஞாபகசக்திக்கு ஒரு மருந்து. இடது பக்க அலமாரியில் இருக்கும் எலிகளுக்கு மருந்து கலந்த தண்ணீர், வலது பக்கத்துக்கு வெறும் தண்ணீர். பிறகு சந்துபொந்தாக அடைத்த ஒரு பெட்டியில் ஒவ்வொன்றாக விட்டு, எது எத்தனை நொடியில் வெளியே வருகிறது என்று கணக்கெடுப்பாள். இடது பக்கத்து எலிகள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதுபோல் ஓடிவரும். வலது பக்கத்துக்காரர்கள் நின்று, மீசையைத் தடவி, யோசித்து, வந்த வழியே திரும்பிப் போவார்கள். இரண்டரை வருஷம் இதே கதை. பாப்பாவின் கைடு, "பிரமாதம், எழுத ஆரம்பி" என்று சொல்லிவிட்டார். நீயும் வாசலில் மாட்ட 'டாக்டர்' என்று போட்டுப் பெயர்ப்பலகைக்குச் சொல்லிவிட்டாய். அந்தப் பலகை வந்திருந்தால் கொஞ்ச நாள் பரண்மேல் இருக்கட்டும் அக்கா. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பத்து நாள் பயிற்சி. அறிவியல் என்றால் என்ன, ஆராய்ச்சியை எப்படிச் செய்வது, எதை நம்புவது, எதை நம்பக் கூடாது என்று. 'ஆய்வுக்கூடத்தில் மூன்றாண்டுகள் நிறைவு செய்த அனைவரும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும்' என்று அதில் ஒரு வரி. எழுதினவர் மாணவர்களைத்தான் மனதில் வைத்து எழுதியிருப்பார். ஆபீஸ் கிளார்க் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, பத்தொன்பது ஆண்டுகள் நிறைவு செய்த என் பெயரைப் பாப்பாவின் பெயருக்கும் மேலே, பட்டியலில் முதலாவதாகப் போட்டுவிட்டார். நான் போய், "சார், நான் எலி பார்க்கிறவன்" என்றேன். "எல்லாரும் எதையோ பார்க்கிறவங்கதான். லிஸ்ட்ல இருக்கு, வந்துடுங்க" என்றார். ஒரு பை, ஒரு பேனா, 'முனைவர் பட்ட ஆய்வாளர்' என்று அச்சடித்து நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு அட்டை. ஐம்பத்துநாலு வயதில் அதைக் குத்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என் மனைவி அட்டையைப் பார்த்துவிட்டு, "யாருடையதை எடுத்துட்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.

பாடம் எடுக்க வந்தவர் என்னைவிட இருபது வயது சின்னவர். ஒல்லியான பெண். கையில் குறிப்புக்கூட இல்லை. பிள்ளைகள் அவருக்கு 'எப்படித் தெரியும் டீச்சர்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள், ஏனென்றால் யார் என்ன சொன்னாலும் அவர் அதைத்தான் கேட்பார். கோபமாக அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்பதுபோல். முதல் நாளே அவரிடம் மாட்டிக்கொண்டேன். நான் சும்மா இருந்திருக்கலாம். "எலிங்க மத்தியானம் தூங்கும் மேடம்" என்று வாயைவிட்டேன். "எப்படித் தெரியும்?" என்றார். "பத்தொன்பது வருஷமா பார்க்கிறேன் மேடம்." "நீங்க பார்க்காதப்போ என்ன செய்யுதுங்க?" என்று கேட்டார். சாப்பாட்டு இடைவேளையில் நேராகக் கூடத்துக்குப் போய்க் கதவைத் திறந்தேன். திறந்த சத்தத்தில் அத்தனையும் எழுந்து என்னையே பார்த்தன. மறுநாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சாவித்துவாரம் வழியாகப் பார்த்தேன். துவாரத்தில் தெரிந்தது ஒரே ஒரு எலி. அது தூங்கியது. ஒரு எலியை வைத்து என்ன சொல்வது? இத்தனை வருஷம் தெரியும் தெரியும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்த எல்லாமே இப்படிச் சாவித்துவாரத்தில் பார்த்ததுதானோ என்று நினைத்தபோது உடம்பே ஒருமாதிரி ஆகிவிட்டது அக்கா. பயம் இல்லை. திடீரென்று வீட்டில் இன்னொரு அறை இருப்பதைக் கண்டுபிடித்தால் எப்படி இருக்கும், அப்படி.

அதற்கப்புறம் ஒரு நாள்கூடப் பின்வரிசையில் தூங்கவில்லை. அந்த டீச்சர் சொல்லித் தந்ததெல்லாம் எனக்கு முழுதாகப் புரிந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று பிடிபட்டது. இந்த ஆராய்ச்சிக்காரர்களின் நிஜமான வேலை தாங்கள் சொல்வது சரி என்று காட்டுவது இல்லை. எங்கே தப்பாக இருக்கலாம் என்று தாங்களே தேடித் தேடிக் கிளறுவது. யோசித்துப் பார். நம் குடும்பத்தில் யாராவது ஒருத்தர் ஒரே ஒரு தடவை அப்படித் தேடியிருக்கிறோமா?

ஆறாம் நாள் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார். "நீங்க நிச்சயமா நம்புற ஒண்ணை எழுதுங்க. அது தப்பா இருந்தா உங்களுக்கு எப்படித் தெரியவரும்னு கீழே எழுதுங்க. பேர் போட வேண்டாம்" என்றார். பெரிய படிப்புப் படித்த பிள்ளைகள் எல்லாம் முதல் பாதியைச் சரசரவென்று எழுதிவிட்டு, இரண்டாம் பாதிக்குப் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஆராய்ச்சி ஏது? மனதில் பட்டதை எழுதினேன். "எலிகளுக்கு என்னைப் பிடிக்கும். என் நாற்காலி இடது அலமாரி பக்கம். டீ குடிக்கும்போது கூண்டுக்குள் விரலை விட்டுத் தடவிக்கொடுப்பேன், பேசுவேன். அவை என்னைப் பார்த்ததும் ஓடிவரும். நான் தடவாத வலது பக்கத்து எலிகளும் அப்படி ஓடிவந்தால் என் நம்பிக்கை தப்பு."

டீச்சர் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தார். என்னுடையது வந்ததும் ஹாலில் ஒரே சிரிப்பு. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "இதுவரைக்கும் படிச்சதிலே இதுதான் ஒழுங்கா எழுதின பதில்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்போதுதான் முன்வரிசையில் ஒரு தலை மெல்லத் திரும்பியது. நாற்பது பேரில் அந்தத் தாள் யாருடையது என்று தெரிந்த ஒரே தலை. பாப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

வெளியே வராந்தாவில் தண்ணீர்க்குழாய் பக்கம் என்னைப் பிடித்தாள்.

"மாமா, எவ்வளவு நாளா தடவுறீங்க?"

"நீ வந்ததிலேருந்துதான்மா. நம்ம பாப்பாவோட எலியாச்சேன்னு..."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமைகூட வருவேன்."

அவள் சுவரில் சாய்ந்துவிட்டாள். அப்புறம் நிதானமாக எனக்கு விளக்கினாள். மனுஷன் கை பழகிய எலிக்குப் பயம் குறைவு. பயமில்லாத எலி பெட்டியில் விட்டதும் ஓடும். இடது பக்கம் ஓடியது மருந்தாலா, மாமாவாலா என்று இனிமேல் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. முதலிலேயே எது எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு மாற்றி மாற்றி வைத்திருக்க வேண்டும், வசதிக்காக ஒரே பக்கமாக வைத்தது தன் தப்பு என்றாள். அக்கா, அந்த நேரத்தில் நான் செய்ததை உன்னிடம் மறைக்கப்போவதில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "பேர் போடலைம்மா. யாருக்கும் தெரியாது. நான் வாயைத் திறக்கமாட்டேன், நீ எழுதிக் கொடுத்துடு" என்றேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். "நீங்க திறக்கமாட்டீங்க மாமா. எனக்குத் தெரிஞ்சுபோச்சே, அதை என்ன பண்றது?" என்றாள். அவ்வளவுதான். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். கைக்குழந்தையாக இருந்தபோது நான் தோளில் போட்டுத் தூக்கியவள். அன்றைக்கு அவளை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் ஒவ்வொருவரும் தங்கள் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வேண்டும். கைடுகள் எல்லாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவளுடைய முறை வந்தது. திரையில் படம் எதுவும் போடவில்லை. மைக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "என் முடிவு நிற்காது. ஏன்னு சொல்றேன்" என்று ஆரம்பித்து ஏழு நிமிஷம் பேசினாள். குரல் ஒரே ஒரு இடத்தில் உடைந்தது, அங்கே நிறுத்தி, தண்ணீர் குடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. 'பராமரிப்பில் ஏற்பட்ட வேறுபாடு' என்றாள். இத்தனை கௌரவமாக என்னை யாரும் குறிப்பிட்டதில்லை. அதைத் தாங்க முடியாமல் நானே எழுந்து, "அந்த வேறுபாடு நான்தாங்க" என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் பாப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து நாளில் முதல் தடவையாக எதுவும் கேட்கவில்லை. கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "ஒரு வருஷம் கூடுதலா ஆகும். ஆகட்டும். புது எலிக்கு நான் எழுதித் தர்றேன்" என்றார். அடுத்துப் பேச வந்த பையன், தன் தராசு லிஃப்டுக்குப் பக்கத்தில் இருப்பதாகவும் லிஃப்ட் போகும்போதெல்லாம் முள் ஆடுவதாகவும் சொன்னான். சாயங்காலத்துக்குள் அந்த ஹாலில் மூன்று ஆராய்ச்சிகள் படுத்துவிட்டன. அழ வேண்டிய பிள்ளைகள் ஒருத்தருக்கொருத்தர் டீ வாங்கிக் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோயில் மாதிரி இருந்தது என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பாய். நான் வேறு எதை எழுதுவது?

இப்போது புது எலிகள் வந்திருக்கின்றன. யாருக்கும் மருந்து கிடையாது, எல்லாருக்கும் வெறும் தண்ணீர். என் நாற்காலியை வலது பக்கம் மாற்றியாகிவிட்டது. வலது பக்கத்து எலிகளை மட்டும் தினமும் தடவிக் கொடுக்கிறேன்; இடது பக்கத்தைத் திரும்பியும் பார்ப்பதில்லை. என் கையின் மகிமை எவ்வளவு என்று பாப்பா அளக்கப்போகிறாள். நாளை மறுநாள் ஐந்து வாரம் முடிகிறது. முடிவு என்ன என்று எனக்கு இப்போதே தெரியும்: தப்பு என்னுடையது. ஆகையால் அக்கா, அவளை ஒரு வார்த்தை சொல்லாதே. ஏசுவதென்றால் என்னை ஏசு. சொந்தக்காரர்கள் கேட்டால், உன் மகள் பட்டத்தைவிடப் பெரிய ஒன்றைச் செய்தாள், மாமன்காரன் கெடுத்தான் என்று தாராளமாகச் சொல்.

அத்தானுக்கு என் நமஸ்காரம். உன் ஆசீர்வாதம் பாப்பாவுக்கும், மிச்சம் இருந்தால் எனக்கும்.

இப்படிக்கு,
எல்லாவற்றுக்கும் காரணமான
உன் தம்பி

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டாமல் ஐந்து நாள் மேஜையில் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. முடிவு வந்துவிட்டது. நான் ஐந்து வாரம் உயிரைக் கொடுத்துத் தடவிய வலது பக்கத்து எலிகள் பெட்டியில் நின்று மீசையைத் தடவுகின்றன. நான் முகம்கொடுத்துப் பேசாத இடது பக்கத்து எலிகள், மருந்தும் இல்லாமல், மாமாவும் இல்லாமல், பஸ் பிடிக்க ஓடுகின்றன. அதாவது நான் காரணமே இல்லையாம். இரண்டு மாதமாகக் குற்றவாளியாக இருந்து பழகிவிட்டதால், விடுதலை கிடைத்ததும் மனது ஏனோ தொங்கிப்போய்விட்டது. "அப்போ என்னம்மா காரணம்?" என்று பாப்பாவைக் கேட்டேன். "தெரியலை மாமா!" என்றாள். அந்த 'தெரியலை'யை அவள் சொன்ன சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும்; சின்ன வயதில் மழையைப் பார்த்து இப்படித்தான் கத்துவாள். இந்த நிமிஷம் இடது அலமாரியை நகர்த்திப் போட்டுவிட்டு, முட்டிபோட்டு உட்கார்ந்து, பின்னால் இருக்கிற சுவரில் உள்ளங்கையை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்க்கிறாள். அவள் டார்ச் எடுக்கப் போன நேரத்தில் நானும் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அவள் அளக்கட்டும்.