செத்து அருள்பாலிக்கும் மீன்

கவரைப்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கி யாரிடமும் சாமி எங்கே என்று வழி கேட்க வேண்டியதில்லை. கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் ஆரஞ்சு நிற மீன், முகத்தில் மோட்சம் கிடைத்த களை. இப்படி எதிரே வருகிறவர்கள் எங்கிருந்து புறப்பட்டார்களோ அங்கே போனால் போதும். ஒரு தகரக் கொட்டகை தெரியும். வாசலில் பேனர்: 'ஸ்ரீலஸ்ரீ மச்சானந்தர் அருளும் கண்டந்தாங்கி மீன். கண்டம் மீனுக்கு. ஆயுள் உங்களுக்கு.'

மீனின் ஆயுளைப் பற்றி எழுதப் பேனரில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

விரல் நீள மீன். பவளப்பாறைகளுக்கு நடுவே வாழ்வது. ஆரஞ்சு உடம்பில் மூன்று வெள்ளைப் பட்டைகள். வண்ண மீன் கடைகளில் இதைக் கோமாளி மீன் என்பார்கள். மச்சானந்தர் அந்தப் பட்டைகளைத் திருநீறு என்றார். கடலுக்கு அடியில் கரையாத திருநீறா என்று ஒருவரும் கேட்கவில்லை. பெயரும் நட்சத்திரமும் சொன்னால் சாமி ஒரு மீனை எடுத்துக் கொடுப்பார். கூடவே சின்னக் கண்ணாடித் தொட்டி. அதை நிரப்ப, கேனில் அடைத்த 'சமுத்திரத் தீர்த்தம்'. வீட்டின் ஈசானிய மூலையில் வைக்க வேண்டும். மீன் செத்துவிட்டால் உங்களுக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டது என்று அர்த்தம். சாகாவிட்டால்? அந்தச் சந்தேகத்துக்கே வேலை வைக்கவில்லை. எல்லா மீனும் செத்தது.

காவி கட்டுவதற்கு முன்னால் அவர் பெயர் லக்ஷ்மண். கும்மிடிப்பூண்டி பஜாரில் வண்ண மீன் கடை வைத்திருந்தார். அப்போதும் அவர் விற்ற மீன்கள் செத்தன. வாங்கியவர்கள் வந்து சட்டையைப் பிடித்தார்கள். கடையை மூடினார், சட்டையைக் கழற்றினார். இப்போதும் மீன்கள் சாகின்றன. வாங்கியவர்கள் மாலையோடு வந்து காலைப் பிடிக்கிறார்கள். சரக்கு அதே சரக்கு. சாவு அதே சாவு.

சிப்காட்டில் ஷிப்ட் முடித்து நேராக வருகிறவர்கள், எளாவூரில் லாரியை ஓரங்கட்டிவிட்டு வருகிறவர்கள் என்று எப்போதும் வரிசை. படிக்காத கூட்டம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். திருவள்ளூரிலிருந்து காரில் வருவார் ஸம்பத்குமார். உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். ஒரு போல்ட் தேய்ந்து வந்தால் ஏன், ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டுத் தொழிலாளியை அழவைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார். இங்கே மீன் மீனாகச் செத்தது. ஒரு ஏன் கூட வாயிலிருந்து வரவில்லை. எல்லாம் கம்பெனியிலேயே செலவாகிவிட்டது.

இந்த வரிசையில்தான் ராஜமாணிக்கமும் நின்றார். இரும்பு உருக்கும் ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். கொஞ்ச நாளாகக் கிரேனுக்கு ஏணி ஏறும்போது பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். கம்பெனி டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்து, "ரத்தக் குழாயில அடைப்பு இருக்கலாம். உடனே சென்னைக்குப் போங்க, தள்ளிப்போடாதீங்க" என்றார். ராஜமாணிக்கம் உடனே போனார், கவரைப்பேட்டைக்கு. மீன் வாங்கினார். மீன் செத்தது. மாலை போட்டார். மறுபடி வலி வந்தது.

மச்சானந்தர் கண்ணை மூடித் திறந்தார். "கண்டம் பெருசு நைனா. மீனு சின்னது. பாவம், பாதிதான் வாங்கிச்சு. இன்னொண்ணு வை."

வைத்தார். அதுவும் போய்ச் சேர்ந்தது. வலி மட்டும் சாகவில்லை.

ராஜமாணிக்கத்தின் மனைவி கன்னியம்மா கும்மிடிப்பூண்டியில் ஜுவைரியாவின் துணிக்கடையில் வேலை செய்கிறார். ஒரு நாள் புடவை மடிக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா கன்னிமா, இன்னா ஆச்சு?" என்றார் ஜுவைரியா.

"அவருக்குப் படுத்தா மூச்சு வாங்குதுக்கா. ஆஸ்பத்திரிக்கு வாயான்னா, மூணாவது மீனு செத்தா எல்லாம் சரியாப் பூடும்னு சொல்லிக்கினு கீறாரு."

"மீனு செத்தா இவருக்கு எப்படிடி சரியாப் போவும்?"

"அதான் இவரு கண்டத்தை வாங்கிக்குதாமே."

ஜுவைரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பழவேற்காட்டில் பிறந்தவர். அவர் வீட்டு ஹாலிலும் ஓர் உப்புநீர்த் தொட்டி உண்டு. அதில் இதே மூன்று பட்டை மீன் ஒரு ஜோடி, வருடக்கணக்கில் சண்டை சச்சரவோடு குடும்பம் நடத்துகிறது.

"எங்க ஊட்டு மீனு சாவவே மாட்டேங்குதே. அப்ப எங்க ஊட்டு ஆளுங்க கண்டமெல்லாம் யாருகிட்ட போச்சு?" என்று கேட்டுவிட்டு, "அந்தத் தீர்த்தம் கொஞ்சம் மிச்சம் இருந்தா கொண்டா" என்றார்.

மறுநாள் வந்த தீர்த்தத்தை மோந்து பார்த்தார். ஒரு சொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். லாரித் தண்ணீர். குளோரின் நெடி. அதில் சாம்பாருக்குப் போடுகிற உப்பு. கடல் மீனுக்குக் கடல் நீர் வேண்டும், அல்லது அதற்கென்றே விற்கிற உப்பு வேண்டும். புதுத் தொட்டியில் மோட்டாரை வாரக்கணக்கில் ஓடவிட்டு, தண்ணீரைப் பக்குவப்படுத்திய பிறகே மீனை உள்ளே விட வேண்டும். இல்லாவிட்டால் தன் கழிவின் விஷத்திலேயே அது செத்துப்போகும். மீன் கடை வைத்திருந்த மச்சானந்தருக்கு இது தெரியாதா? தெரிந்ததால்தான் தொழிலே நடக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ராஜமாணிக்கம் மூன்றாவது மீனுக்குக் கிளம்பினார். கன்னியம்மாவும் ஜுவைரியாவும் கூடவே போனார்கள்.

கொட்டகையின் நடுவே பெரிய கண்ணாடித் தொட்டி. நீல விளக்கு, மோட்டார், வடிகட்டி, பாறைகள். உள்ளே 'மூலமீன்' கொழுகொழுவென்று நீந்தியது. அதன் அருகே ஆசனத்தில் சாமி. ராஜமாணிக்கம் பையில் மீனை வாங்கிக்கொண்டதும் ஜுவைரியா முன்னால் வந்தார்.

"சாமி, ஒரு டவுட்டு. உங்க மீனு மட்டும் ஏன் சாவல?"

"என்னை எந்தக் கண்டமும் அண்டாது தாயே. தோஷம் இல்லாத எடத்துல மச்சம் சாவாது."

"அப்ப மீனுங்க சாவுறது தோஷத்தாலதான். தண்ணியால இல்ல."

"தண்ணின்னு சொல்லாதம்மா. அது அமிர்தம்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஸம்பத்குமார் போட்டுக்கொண்டது வாசல் வரை கேட்டது.

ஜுவைரியா அடுக்கியிருந்த கேன்களில் ஒன்றின் மூடியைத் திருகினார். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பெரிய தொட்டியின் பக்கத்தில் ஏறி நின்றார். "நல்லதாப் போச்சு. மூலமீனும் கொஞ்சம் அமிர்தம் குடிக்கட்டும். கன்னிமா, மிச்ச கேனையும் ஒண்ணொண்ணா எடுத்துக் குடு."

சாமி ஆசனத்திலிருந்து எழுந்தார். அப்படி ஒரு காட்சியைப் பக்தர்கள் அதுவரை கண்டதில்லை.

"இறங்கும்மா. பொம்பளைங்க கை படக்கூடாது."

"சரி, நீங்களே ஊத்துங்க." கேனை நீட்டினார். சாமியின் கை நீளவில்லை.

பின்னாலிருந்து ஒரு லாரி ஓட்டுநர், "ஊத்து சாமி. அமிர்தம்தானே, இன்னா பேஜாரு?" என்றார்.

"அதுக்கு நேரம் காலம் கீது நைனா..."

"இவங்க வாங்குறப்ப நேரம் பாத்தா குடுத்தீங்க?" என்றபடி ஜுவைரியா கேனைச் சாய்த்தார். விளிம்பில் தண்ணீர் திரண்டது.

மச்சானந்தர் பாய்ந்து வந்து கேனைப் பிடித்துக்கொண்டார். அவருக்குள் இருந்த பழைய கடைக்காரர் வாய் திறந்துவிட்டார்.

"ஊத்தாதம்மா, லாரித் தண்ணி அது. மீனு செத்துடும்!"

சித்தர்கள் மறைபொருளாகப் பேசுவார்கள் என்பார்கள். இதில் மறைபொருள் ஏதும் இல்லை. எல்லாருக்கும் புரிகிற தமிழ்.

"அப்போ எங்காத்து மீனெல்லாம்..." என்று ஆரம்பித்த ஸம்பத்குமார், பதில் தன் வாயிலேயே இருப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிடிக்கச் சட்டை இல்லாததால் தாடியைப் பிடித்தார்கள். தாடி உண்மையானதாக இருந்தது. கொட்டகையில் அது ஒன்றாவது உண்மை. போலீஸ் வருவதற்குள் பாதிப் பேர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். சாட்சி சொல்லப் போனால் தானும் மீன் வாங்கிய கதையைச் சொல்ல வேண்டுமே.

ராஜமாணிக்கம் நின்ற இடத்திலேயே நின்றார். "அப்ப என் கண்டத்தை எது வாங்கிச்சு?"

"எதுவும் வாங்கல. உன் நெஞ்சுலயேதான் கீது. நட" என்றார் கன்னியம்மா. மீன் பையை ஜுவைரியா வாங்கிக்கொண்டார். கணவனும் மனைவியும் சென்னைக்கு ரயில் ஏறினார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு இடத்தில் அடைப்பு என்றார்கள். குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நான் எதுவும் பண்ணியிருக்க முடியாது. இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

ராஜமாணிக்கம் விட்டத்தைப் பார்த்தார். "மீனு சாவட்டும்னு காத்துக்கினு இருந்தேன் சார்."

டாக்டர் அவருக்கு மருந்து மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

பக்கத்துக் கட்டில்காரர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, எங்க ஊருப் பக்கம் ஒரு சாமி ஆமை குடுக்குறாரு. ஊட்ல வச்சா நெஞ்சு வலியே வராதாம். போலாமா?"

ராஜமாணிக்கம் யோசித்தார். பல மாதங்களில் முதல் முறையாக.

"ஆமை செத்தா நல்லதா, பொழச்சா நல்லதா?"

"ரெண்டும் நல்லதுதானாம்."

"அப்ப அந்தாளு மாட்டவே மாட்டான். நீ போவாத" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

இந்த ஒரு கேள்வியைக் கேட்க அவருக்கு இரண்டு ஸ்டென்ட் தேவைப்பட்டது. உங்களுக்கு நெஞ்சு நன்றாக இருக்கும்போதே கேட்டுப் பழகுங்கள். உங்கள் கண்டத்தை வாங்கிக்கொள்ள எந்த மீனும் கரையேறி வராது. உங்கள் அறிவை வாங்கிக்கொண்டு போகத்தான் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். கொடுப்பதாக இருந்தாலும், கொடுப்பதற்கு முன் ஒரு தடவையாவது அதை நீங்கள் பயன்படுத்திப் பாருங்கள்.