சிவப்பு விழுந்தால் நிற்கணும்!

தெருவே அவரைக் 'கார்டு' என்றுதான் கூப்பிடும். ரயில்வேயில் அவர் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்ப்பவர். ரயிலில் ஏறினாலே தலை சுற்றும். ஆனால் பழைய ரயில்வே சிக்னல் விளக்கைக் கண்டால் போதும், பெற்ற பிள்ளையைப் போல் மடியில் தூக்கி வைத்துக்கொள்வார். பெற்ற பிள்ளைக்கோ தொட்டில் கட்ட இடமில்லை. பின் அறை முழுக்க விளக்குகள்.

"ஞாயித்துக்கிழமை பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருக்கேன்" என்றாள் மனைவி. தோளில் குழந்தை. கண்ணில் பல நாள் தூக்கம். "பிள்ளைக்கு அந்த ரூம் வேணும். எல்லாம் உபயோகமில்லாத சாமான்."

"உபயோகமில்லையா! யார் சொன்னது?"

"நேத்து கரண்ட் போச்சே, அப்போ தெரிஞ்சுது. இத்தனை விளக்கு இருக்கு, ஒண்ணாவது எரிஞ்சுதா?"

அன்று முழுக்கக் கார்டு கடையில் கண்ணாடியோடு மூளையையும் சேர்த்துத் தேய்த்தார். சாயங்காலம் படுக்கையறைக் கதவில் ஒரு விளக்கைத் துடைத்துத் திரி போட்டு மாட்டினார்.

"இதோ பாரும்மா. தலையைத் திருகினா சிவப்பு. இன்னொரு திருகு, பச்சை. உள்ளே தூங்கினா சிவப்பு, முழிச்சா பச்சை. சிவப்பு விழுந்தா யாரும் உள்ளே போகக் கூடாது. உங்கம்மாவே வந்தாலும்!"

"நீங்க?"

"நானுந்தான். சட்டம்னா சட்டம்."

ஏனோ அவள் சண்டைக்கே வரவில்லை.

சட்டம் ஜோராக ஓடியது. வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வரும் மாமியார், சிவப்பைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார். கார்டுக்கு அதுவே ஜன்மசாபல்யம். இரும்புக்காரரையும் மனைவியே திருப்பி அனுப்பினாள்: "எல்லாம் உபயோகத்துல இருக்குங்க."

அந்தக் குஷியில் கார்டு இன்னொரு விளக்கு வாங்கிவிட்டார். பைக்குள் ஒளித்து, பூனை நடை நடந்து பின் அறைக்குப் போனால், கதவில் சிவப்பு! படுக்கையறை விளக்கு இங்கே வந்திருந்தது. உள்ளே தொட்டில். அவருடைய விளக்குகளெல்லாம் பரண் மேல் பரிதாபமாக உட்கார்ந்திருந்தன.

"என்ன இது?" என்று கதவருகே நின்ற மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"இங்கேதான் காத்து நல்லா வருது. போட்டதும் தூங்கிட்டான்."

"என் விளக்கை எப்போ பார்க்கறது?"

"பச்சை விழுந்ததும் தாராளமா போங்க. பிள்ளை முழிச்சிருப்பான். அவனையும் பார்த்துக்கலாம்."

ஒரு காலைத் தூக்கினார். அவள் விரல் சிவப்பைக் காட்டியது. கால் தானாகக் கீழே இறங்கியது.

"பையில என்ன?"

"ஒண்ணுமில்லையே..."

அவளே எடுத்தாள். துடைத்தாள், திரி போட்டாள், பற்றவைத்தாள், தலையைத் திருகினாள். படுக்கையறைக் கதவில் மாட்டினாள்.

"அங்கே எதுக்கு? பிள்ளைதான் இங்கே இருக்கானே?"

"நான் தூங்கப் போறேங்க" என்று உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

அதற்காகவே காத்திருந்தவன் போல் பின் அறையில் பிள்ளை வீறிட்டான். கார்டு படுக்கையறைப் பக்கம் பார்த்தார். பளபளவென்று சிவப்பு. பெருமூச்சு விட்டு, தம் கையாலேயே பின் அறை விளக்கைப் பச்சைக்குத் திருகிவிட்டு, ஈரத்துணி மாற்றப் போனார்.