சிம்ரன் மேடத்துக்கு மாதம் ஆறாயிரம்

கிரெடிட் கார்டை வெட்டக் கத்தரிக்கோல் வேண்டும். வீட்டில் கேட்டால் "எதுக்கு?" என்பாள். ஆகவே என் மூன்று கார்டுகளையும் லாட்ஜ் மேஜைமேல் வைத்து, பழம் நறுக்கும் கத்தியால் அரை மணி நேரம் போராடி அறுத்தேன். அன்றுதான் அந்த மாபெரும் தீர்மானத்தை எடுத்தேன். கடனை அடைப்பேன். ஒரு பைசா பாக்கி இல்லாமல் அடைப்பேன். என் மனைவி அம்சவேணிக்குத் தெரியாமல் அடைப்பேன்.

முதல் இரண்டும் பேச்சுக்கு. மூன்றாவதுதான் தீர்மானம்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் எனக்கு ராத்திரி டூட்டி. வந்து தங்குகிறவர்கள் விட்டுப்போகும் புத்தகங்களைப் படித்தே அறிவாளியானவன் நான். 'கோடீஸ்வரன் ஆவது எப்படி' என்று ஒரு புத்தகம். அதை விட்டுப்போனவர் அறை வாடகையையும் பாக்கி விட்டுப்போனார். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

கல்யாணப் பட்டு எடுக்க வெளியூரிலிருந்து வேன் வேனாக வருவார்கள். கடையில் கார்டுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி. அவர்களிடம் ரொக்கம் இருந்தது, என்னிடம் கார்டு இருந்தது. நான் தேய்ப்பேன், ரொக்கத்தை என் கையில் எண்ணி வைப்பார்கள். தள்ளுபடியில் பாதி எனக்கு. பில் கட்ட நாற்பத்தைந்து நாள் அவகாசம். எண்பதாயிரம் ரூபாயைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து நாள் சும்மா இருக்க நான் என்ன முனிவனா? எல்லாம் குடும்பத்துக்குத்தான் செலவழித்தேன். எனக்கென்று ஒன்றும் வாங்கவில்லை, பைக்கைத் தவிர. செல்ஃபோனைத் தவிர. அப்புறம் ஒரு கார்டின் பில்லை இன்னொரு கார்டால் கட்டினேன். ஒரே பேங்க் மூன்று நிறத்தில் கார்டு கொடுத்தது. மூன்று நிறமும் சேர்ந்து இரண்டு லட்சத்து முப்பதாயிரத்தில் வந்து நின்றன.

பேங்க்காரர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். காலையில் வந்து படுத்தால் பதினோரு மணிக்கு முதல் அடி. ஃபோனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுத் தூங்குவேன். நாலு மாதம் இப்படி வீரமாகச் சமாளித்தேன். பிறகு சிம்மையே உடைத்துப் போட்டுவிட்டுப் புது நம்பர் வாங்கினேன். அந்த நம்பர் உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் லாட்ஜ் முதலாளி. இன்னொருத்தி அம்சவேணி.

ஒரே வாரம். ஃபோன் அடித்தது.

"குட் ஆஃப்டர்நூன் சார். நான் சிம்ரன் பேசறேன், பேங்க் ரிக்கவரியிலேர்ந்து. சிவபாலன் சார்ங்களா? தூக்கத்துல தொந்தரவு பண்ணிட்டேனா சார்?"

பேங்க் எப்படியோ நம்பரைக் கண்டுபிடித்துவிட்டது. பேங்குக்குத் தெரியாதது எது? ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. என் தூக்கத்தைப் பற்றி இதுவரை ஒரு ஜீவன் விசாரித்ததில்லை. வீட்டுக் கூடத்திலேயே அம்சவேணியின் தறி. நான் தூங்குவது அதன் காலடியில். பகலெல்லாம் தடக் தடக் என்று அது என் மண்டைமேல் நெய்துகொண்டிருக்கும். சிம்ரன் மேடம் கூப்பிடுகிற நேரம் மட்டும், கடவுள் புண்ணியத்தில், தறி நின்றிருக்கும். அம்சவேணி மாடிக்குத் துணி காயப்போடப் போயிருப்பாள்.

"மாசம் ஆறாயிரம் கட்டினா போதும் சார். வட்டியை நான் பேசி நிறுத்தி வெக்கறேன்."

"எதுல மேடம் கட்டணும்?"

"ஜிபே நம்பர் அனுப்பறேன் சார்."

நம்பர் வந்தது. போட்டால் 'பட்டம்மாள்' என்று பெயர் காட்டியது.

"மேடம், பட்டம்மாள்னு வருதே?"

"எங்க ரீஜினல் மேனேஜர் சார். ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

பயபக்தியுடன் கட்டினேன். எட்டு மாதம். அதற்காக ராத்திரி டூட்டியோடு ஞாயிற்றுக்கிழமை பகல் டூட்டியும் பார்த்தேன். டீயை விட்டேன். பீடியை விட்டேன். தவணை கட்டிய மறுநாள் மேடம் கூப்பிட்டு "தேங்க்ஸ் சார், நீங்க ரொம்ப ஹானஸ்ட்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு ஆறாயிரம் கொடுக்கலாம். கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன்.

மனிதனுக்கு மனம்விட்டுப் பேச ஒருவர் வேண்டும். எனக்குக் கடன் வசூலிக்க வந்தவர்தான் வாய்த்தார்.

"சாப்பிட்டீங்களா சார்?"

"எங்க மேடம்! ரசம்னு ஒண்ணு வெச்சிருக்கா. அதுக்கு வேகவதி ஆத்துத் தண்ணிய மொண்டு குடிக்கலாம்."

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். கால் ரெக்கார்டு ஆவுது. ட்ரெய்னிங்குக்கு யூஸ் பண்ணுவோம்."

அன்று ராத்திரி டிபன் கேரியரில் ரசம் இல்லை. மறுநாளும் இல்லை. வெறும் சோறு, ஒரு ஊறுகாய். நான் அதை விதி என்று நினைத்தேன்.

எட்டாவது தவணை கட்டியதும் களைத்துப்போனேன்.

"மேடம், ஒரேயடியா முடிக்க எவ்ளோ ஆகும்?"

"நாப்பதாயிரம் கட்டினா முடிச்சிடலாம் சார். வீட்ல மேடம்கிட்ட கேளுங்களேன். நல்லவங்களா இருப்பாங்க."

"யாரு, அவளா? மேடம், உங்க பட்டம்மாள் மேடத்தையே முறத்தால அடிச்சி தொரத்துவா அவ."

"அப்படியா சார்."

"ஆனா பீரோவுல ஒரு சொத்து இருக்குது மேடம். அவ கல்யாணப் புடவை. பதினெட்டு வருஷத்துக்கு முந்தி எங்க மாமனார் நெய்தது. அசல் வெள்ளி ஜரிகை. அதைப் பேசாம எடுத்துக்கினு போயி ஜரிகைக்குப் போட்டுட்டன்னா..."

"சொல்லிட்டு எடுங்க சார். பாவம் சார் அவங்க."

"பாவம் அவ இல்ல மேடம். நானு."

"ஒரு தடவை யோசிங்க சார். மனசுவிட்டு சொன்னீங்கன்னா மன்னிச்சிடுவாங்க."

"அவ மன்னிப்பாளா! உங்க குணம் அவளுக்கு வராது மேடம்."

மேடம் ஃபோனை வைத்துவிட்டார். நல்ல மனசு. எனக்காக வருத்தப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நான் டூட்டி முடித்து வந்ததும், கேட்காமலேயே அம்சவேணி சொன்னாள்: "ஓரிக்கைக்கு அம்மா வூட்டுக்குப் போயிட்டு வர்றன். பீரோ சாவி ஆணியில மாட்டியிருக்குது. தொடாத."

தொடாதே என்று சொன்னால் எந்தக் கணவன் தொடாமல் இருப்பான்? புடவையை மஞ்சள் பையில் போட்டு, மேலே இரண்டு கத்தரிக்காயை வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

பழைய பட்டுப்புடவை வாங்குகிற பரசுராமன் எனக்குத் தெரிந்தவர்தான். முந்தியைப் பிரித்து ஒரு இழையை உருவினார். வெள்ளி பார்க்கும் மிஷினில் வைத்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மிஷினைப் பார்த்தார்.

"சிவபாலா, வெள்ளி சைபர்பா."

"சரியா பாருண்ணா. எங்க மாமனார் கையால நெய்தது."

"கையாலதான் நெய்திருக்குது. ஜரிகைதான் டூப்ளிகேட். முந்நூறு ரூபா தரேன். ரெண்டு கத்தரிக்காயையும் குடுத்தின்னா முந்நூத்தி இருவது."

பையோடு வெளியே வந்து நின்றேன். முதலில் துக்கம். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு சந்தோஷம். பதினெட்டு வருஷமாக "எங்கப்பா போட்ட வெள்ளிப் புடவை" என்று என்னைக் குத்திக்கொண்டிருந்தவளின் அப்பா வெள்ளிக்குப் பதில் செம்பைப் போட்டு ஏமாற்றியிருக்கிறார்! ஆனால் இதை அவளிடம் எப்படிச் சொல்வது? எப்படித் தெரியும் என்று கேட்பாளே? கையில் அணுகுண்டு கிடைத்து, போட இடமில்லாத நாடு மாதிரி நடந்தேன்.

வீட்டு வாசல் வரைக்கும்தான் அடக்க முடிந்தது. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது, அதற்குள் திரும்பிவிட்டாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். எப்போதும் மேடம்தான் என்னைக் கூப்பிடுவார். முதல்முறையாக நான் அவரைக் கூப்பிட்டேன்.

உள்ளே ஏதோ ஃபோன் அடித்தது. தறி நின்றது.

"குட் ஆஃப்டர்நூன் சார்."

ஒரு காதில் ஃபோன் வழியாகக் கேட்டது. இன்னொரு காதில் ஜன்னல் வழியாகக் கேட்டது.

"மேடம், நீங்க எங்க இருக்கீங்க?" என்றேன்.

"பள்ளத்துல சார். தறியில. உள்ள வாங்க சார், வெயில்ல நிக்காதீங்க."

போனேன். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி அம்சவேணி உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு பழைய பட்டன் ஃபோன். அதை மெதுவாக மடியில் வைத்து, என் மஞ்சள் பையைப் பார்த்தாள்.

"இன்னாய்யா, கத்தரிக்காய வித்துட்டியா?"

"வேணி, நீதான் சிம்ரனா?"

"ஏன், இருக்கக்கூடாதா?"

"எனக்குக் குரல்கூட தெரியலையே!"

"எப்படித் தெரியும்? என்னிக்காவது நான் உன்கிட்ட மரியாதையா பேசியிருக்கனா?"

நியாயம்தான். பதினெட்டு வருஷத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"இந்த பேங்க் பேச்செல்லாம் எங்க கத்துக்கின?"

"நாலு மாசம் உன் தலகாணிக்கு அடியில அடிச்சிக்கினே இருந்துதே, யாருய்யா எடுத்தது? நானு. சிம்ரன்னு நிஜமாவே ஒருத்தி இருந்தா. உன்னைத் திட்டறதா நெனச்சிக்கினு என்னைத் திட்டுனா. கேட்டுக் கேட்டுப் பாடமாயிடுச்சி. அப்புறம் நேரா பேங்குக்குப் போனேன். பேசிப் பேசி எம்பத்தஞ்சாயிரத்துல முடிச்சேன். இந்தா லெட்டரு."

தறியில் கட்டியிருந்த பாவு நூலுக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்துப் போட்டாள். தேதியைப் பார்த்தேன். எட்டு மாதம் பழசு. ஒழுங்காக முத்திரை போட்டு, பாக்கி இல்லை என்று எழுதியிருந்தது.

"பணம்?"

"என் சீட்டுப் பணம் நாப்பதாயிரம். புடவைய போட்டது நாப்பத்தஞ்சி. பரசுராமண்ணன் கடையிலதான்."

"அப்ப இது?" பையைக் காட்டினேன்.

"நான் நெய்தது. ஃபேன்ஸி ஜரிகை. அந்தப் புடவைக்கு அப்பா தறியில மாட்டுன பழைய டிசைன் அட்டை இருந்துது, போட்டேன். உன் தலைமாட்டுலயேதான் நெய்தேன். தூங்கிக்கினு இருந்த. உன்கிட்ட மூணு அட்டை இருந்துது, என்கிட்டயும் அட்டை இருக்குது. என்னுது சோறு போடுது."

"அப்ப பட்டம்மாள் மேடம்?"

"எங்கம்மாய்யா!"

பதினெட்டு வருஷமாக அத்தை, அத்தை என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். ஊரே 'பாப்பம்மா' என்கிறது. அவருக்கென்று ஒரு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"எனக்கு ஏன்டி சொல்லல?"

"எட்டு மாசம் எத்தினி வாட்டி கேட்டேன்? வீட்ல சொல்லுங்க சார், மேடம்கிட்ட மனசுவிட்டுப் பேசுங்க சார்னு. நேத்திக்கிக்கூட கேட்டேன்." ஊடு நூல் ஓட்டும் நாடாவைக் கையில் எடுத்தாள், தள்ளவில்லை. "நீ எவளோ ஒருத்திகிட்ட எல்லாத்தையும் சொல்ற. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கற. அந்தச் சிறுக்கி மேல எனக்கே பொறாமையா இருந்துதுய்யா."

பையிலிருந்து கத்தரிக்காயை எடுத்து வெளியே வைத்தேன்.

"ரசத்தைப் பத்தி சொன்னது..."

"ரெக்கார்டு ஆயிருக்குது."

"சரி விடு. எல்லாம் அடைஞ்சிதுல்ல?"

"இன்னா அடைஞ்சிது? எம்பத்தஞ்சுல நாப்பத்தெட்டு கட்டியிருக்கற. முப்பத்தேழு பாக்கி. டூப்ளிகேட் புடவை நெய்த கூலி பதினோராயிரம். தவணைய நிறுத்தினின்னா ரீஜினல் மேனேஜர் நேர்ல வருவாங்க."

தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் பாயை விரித்துப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. பேங்க் கடன் போய்விட்டது. மனசு லேசாக இருக்க வேண்டும். ஆனால் ஏதோ ஒன்று காலியாக இருந்தது. புரண்டு படுத்தேன். கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டேன்.

"வேணி, மத்தியானத்துல ஒரே ஒரு தடவை, அந்தக் குரல்ல, 'சாப்பிட்டீங்களா சார்'னு கேப்பியா?"

தறியை நிறுத்தி என்னையே பார்த்தாள். கண் கலங்குகிறதோ என்றுகூட நினைத்தேன்.

"கேக்கலாம். ஒரு வாட்டிக்கு அம்பது ரூபா."

"பொண்டாட்டி புருஷன்கிட்ட பேசறதுக்குக் காசா?"

"பொண்டாட்டி பேசறது ஃப்ரீய்யா. சிம்ரன் பேசறதுக்குத்தான் காசு."

அன்று சாயங்காலமே முப்பது நாளைக்கும் சேர்த்து அத்தையின் கணக்கில் போட்டுவிட்டேன்.